மூக்குடைந்த கிளி

ஆரணி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள எழில் அண்ணனுக்கு,

உன் ஃபோனில் பிளாக் ஆகிக் கிடக்கும் தங்கை இனியா எழுதுவது. நலம். தபாலை பிளாக் பண்ண முடியாது, அதனால் இந்த வழி.

தீபாவளிக்கு அப்பா ஃபோனிலிருந்து 'வாடா கண்ணு' என்று மெசேஜ் போட்டது நான்தான். பெங்களூரிலிருந்து கண்ணமங்கலம் வரை வந்தவன், அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "யார்ரா உன்ன கூப்டது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவாய் என்று நினைக்கவில்லை. தப்புதான். ஆனால் அப்பா எந்த ஜென்மத்தில் உன்னைக் கண்ணு என்று கூப்பிட்டார்? நம்பிய உன் மூளையிலும் கோளாறு இருக்கிறது.

அம்மா வருஷ திதியன்று நீ பேசியதை யோசித்துப் பார்த்தேன். உலகமே ஒரு கணக்கு, நினைப்பும் கணக்குதான் என்றாய். பூ விழ நம் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. நூல் தீர்ந்தாலும் அட்டை இருந்தால் பூ மறுபடி வரும், அம்மாவும் அப்படித்தான் என்றாய். ஆறுதலுக்குத்தான் சொன்னாய். அப்பா காதில் வேறு மாதிரி விழுந்தது. "எம் பொண்டாட்டி ஒனக்கு வெறும் அட்டையா? போடா வெளிய" என்றார். நீயும் போய்விட்டாய். உலகத்துக்கே கணக்குப் போட்டவனுக்கு அப்பாவைப் போடத் தெரியவில்லை.

போன வாரம் அப்பா, அம்மா கோத்து வைத்த பழைய அட்டைக் கட்டைப் பரணிலிருந்து இறக்கித் தறியில் மாட்டினார். சேலைக் கரையில் முதல் கிளி வந்தது, மூக்குடைந்து. இரண்டு அட்டையை முன்பின் மாற்றிக் கோத்துவிட்டு, "எங் கிளி சண்டக்காரி, குத்து வாங்கிகினு வந்துகீது" என்று அம்மா சாதிப்பாளே, அதே கிளி.

அப்பா அதைத் தடவிப் பார்த்தார். சிரித்தார். தலையைத் தூக்காமலே, "எழிலு, ஜல்தி வாடா, உங்கம்மா வந்துகீறா பாரு" என்று கத்தினார். திரும்பினால் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்து போய்விட்டார்.

சத்தியமாக இது குறும்பில்லை அண்ணா. குறும்பாக இருந்தால் இதைவிட நன்றாக ஜோடித்திருப்பேன்.

தறி அந்தக் கிளியோடு நிற்கிறது. கேட்டால் முட்டி வலி என்கிறார். பெங்களூர் பஸ் வரும் நேரத்துக்கு மட்டும் அந்த முட்டி தெருமுனை டீக்கடை வரை நன்றாக நடக்கிறது.

என்னை மன்னிக்க வேண்டாம், பிளாக்கும் அப்படியே இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இரு. ஃபோன் மட்டும் போடாதே, அப்பாவுக்கு ஃபோனில் பேச வராது. நேராகத் தறிப் பக்கத்தில் வந்து நில்.

இப்படிக்கு,
உன் இடத்தில் நின்று நின்று கால் கடுக்கும்
இனியா