நீ வேண்டாமென்ற பிளக்ஸ்

மொட்டைமாடி உரத்தொட்டிக்குள் மழை இறங்குகிறது. எதையாவது போட்டு மூடலாமென்று பரணில் கைவிட்டேன். சுருட்டி வைத்த பிளக்ஸ் அகப்பட்டது. ஒரு வருஷமாகியும் அந்தப் பெயின்ட் வாடை போகவில்லை. நான் விரிக்கவில்லை. விரித்தால் நீ சிரிப்பாய்.

தொட்டி நீ வைத்ததுதான். தருமபுரியில் இதே வீட்டில் நீ மாடியிலும் நான் கீழேயும் குடியிருந்த நாட்களில், இரண்டு வீட்டுக் காய்கறித் தோலும் அதில்தான் விழும். எனக்குக் குமட்டும். "மக்குனா வாடை போயிரும்டி, மூஞ்சியத் திருப்பாத" என்று வெறுங்கையால் கிளறுவாய். ஞாயிற்றுக்கிழமை தூக்குப்போசியோடு கறிக்கடைக்குப் போவோம். கடைக்காரர் கறியைக் கறுப்புக் கவரில் கட்டி, கவரோடு போசிக்குள் வைத்து, "சிந்தாதுங்க" என்பார் பெருமையாக. நீ தலையில் அடித்துக்கொள்வாய். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அடுத்த வாரமும் அதே போசியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாய். என்ன பிடிவாதமடி அது!

சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் போயிட்டா பிளக்ஸ் மட்டும் வேண்டாம்டி. தெருமொனையில தொங்கி, கிழிஞ்சு, கடைசில சாக்கடைய அடைச்சுக்கிட்டுக் கெடக்கும். எங்க வூட்ல யாருக்கும் இது புரியாது. நீதான் சொல்லோணும்." வாயை மூடு என்று திட்டினேன். பிறகு, சொல்கிறேன் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் சொந்த ஊர் பாப்பாரப்பட்டியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் தம்பி என்னிடம் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அக்கா, அவ சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்கக்கா. பிளக்ஸ் அடிக்கணும். இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன தம்பி?"

தொண்டைவரை வந்ததை அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அதோடு நின்றேனா? போனைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல படமாகத் தேடி அனுப்பினேன், பாவி. உரத்தொட்டியைக் கட்டிக்கொண்டு நீ சிரிக்கிற படம். பிளக்ஸில் தொட்டியை வெட்டிவிட்டு ரோஜாப்பூ வைத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பும்போது பார்த்தேன். காற்றில் ஒரு பக்கக் கயிறு அறுந்து, உன் முகம் சாக்கடைப் பக்கமாக மடங்கித் தொங்கியது. நீ சொன்னபடியேதான். மீதிக் கயிற்றையும் அறுத்து, சுருட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அழக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

"அதைத்தான் தொட்டி மேல போடேன், எதுக்காச்சும் ஆவட்டும்" என்கிறார் என் வீட்டுக்காரர். உன் முகத்தில் மழை பெய்யவிட என்னால் முடியாது. குப்பையில் போட்டால் கிடங்கில் கொளுத்துவார்கள். உன்னை மண்ணில் வைத்தோம், இந்நேரம் மண்ணாகியிருப்பாய். நான் கொடுத்த படம் மட்டும் மக்காமல் பரணில் கிடக்கிறது.

தொட்டியைப் பழைய கோணிச்சாக்கால் மூடினேன். ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டாய்? யாருமில்லாத மாடியில் நின்று "வேண்டாம்" என்று சொல்லிப் பார்க்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது இப்போது.