கேசுவல் என்றால் தற்செயலாம்

மண்ணூர்பேட்டை,
12.6.1989

அன்புள்ள அம்மாவுக்கு உலகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அக்கா மகனின் காதுகுத்துக்கு வர, பெர்மனென்ட் ஆட்கள் எடுக்கிற கேசுவல் லீவைக் கேட்டேன். சூப்பர்வைசர் வீராசாமி சிரித்துவிட்டார்.

"நீயே கேசுவல் லேபரு. உனக்கு இன்னாத்துக்குப்பா கேசுவல் லீவு? போனீன்னா ஊர்லயே இருந்துக்கோ."

அவர்களுக்கு லீவு தருகிற அதே சொல் எனக்கு மட்டும் ஏன் தராது? எரிச்சலில், பக்கத்து அறை ஆங்கில வாத்தியார் பால்ராஜிடம் அர்த்தம் கேட்டேன். லத்தீனில் 'விழுவது' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். தற்செயலாக வந்து விழுவதுதான் கேசுவலாம். மூன்று வருஷமாகச் சங்கு ஊதும் முன்பே கேட்டில் நிற்கிறேன், அம்மா. இதில் எது தற்செயல்?

மறுநாள் வீராசாமியிடமே கேட்டேன். "இங்கிலீசை வுட்டுட்டு மிஷினைப் பாரு" என்றார். பார்த்தேன். வேறென்ன செய்ய?

சித்தப்பா மகன் வேலுசாமியும் தாய்மாமன்தானே, அவன் மடியில் உட்கார வைத்துக் குத்துங்கள். அக்காவிடம் கம்பெனியில் வேலை அதிகம் என்று மட்டும் சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. காதுகுத்து முடிந்ததும், பிள்ளை ரொம்ப அழுதானா, யார் சமாதானம் செய்தார்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மகன்,
உலகநாதன்