உங்களைப் பேசவிடாத ஒன்பது மாதங்கள்

அக்கா,

இன்று காலை பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். குழந்தையோடு வீட்டில் விளையாட வேண்டிய விளையாட்டுகளாம். துண்டால் முகத்தை மூடித் திறப்பது, துணி காயப்போடும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுவது, குழந்தை ‘ஆ’ என்றால் நாமும் ‘ஆ’ என்றுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. பாதி படிப்பதற்குள் வெட்கத்தில் என் முகம் சுட்டது. அத்தனையும் நீங்கள் செய்தவை.

கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங் அடுக்குமாடியில் நமக்கு நடுவே இரண்டு வீடுகள்தான். ஆறு மாதக் குழந்தையை உங்களிடம் விட்டுவிட்டு ரயில் பிடிக்க ஓடுவேன். மாலையில் திரும்பினால் நடைபாதையிலேயே உங்கள் குரல் கேட்கும். “இது யாரு சட்டை? பெரியப்பா சட்டை. இது யாரு சட்டை?” என்று கேட்டுவிட்டு நிறுத்துவீர்கள். என் மகள் உள்ளேயிருந்து ஏதோ கத்துவாள். “ஆமா லா, உன் சட்டைதான்” என்பீர்கள், அவள் சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி. ஒரு வயது தாண்டியதும் தண்ணி, கிளிப்பு, போச்சு என்று ஏழெட்டு வார்த்தைகள் வந்துவிட்டன.

அது எனக்குப் போதவில்லை. அலுவலகத் தோழியின் பிள்ளை ஆங்கிலத்தில் நிறங்களைச் சொல்கிறதே என்று வயிறு எரிந்தது. உங்கள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, “அக்கா, இனிமே இங்கிலிஷ்லயே பேசுங்க. தமிழ் வேணாம், பின்னால ஸ்கூல்ல கஷ்டப்படுவா” என்றேன். உங்களுக்கு ஆங்கிலம் வராது. தெரிந்துதான் சொன்னேன். “சரிம்மா” என்றீர்கள்.

மறுநாளிலிருந்து உங்கள் வீட்டில் ஆங்கிலக் கார்ட்டூன் சத்தம்தான். ஒன்பது மாதமாகியும் அவளுக்குப் புதிதாக ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கும் உங்களையே குற்றம் சொன்னேன். பிள்ளையை டிவி முன்னால் போட்டு வைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு, வேறு காப்பகத்தில் சேர்த்தேன். என்னைவிட வெட்கங்கெட்டவள் அந்தக் கட்டடத்திலேயே இருந்திருக்க மாட்டாள்.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தேன். உங்கள் மகள் என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனாள். “பாப்பா எதையாச்சும் கைகாட்டிக் கேக்கும். அம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்துரும், சொல்ல மாட்டாங்க. ‘நான் பேசினா புள்ள கெட்டுப்போயிருமாம்’னு தலைய மட்டும் ஆட்டுவாங்க” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று தாளைக் கொடுத்த மலாய்க்காரப் பெண், எந்த மொழி தானாக வாயில் வருகிறதோ அதிலேயே பேசுங்கள் என்றாள். பிறகு, இதுவரை குழந்தையோடு அதிகமாகப் பேசி விளையாடியது யார் என்று கேட்டு, எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். ஒருவர் இருந்தார், நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் மடியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருமில்லை என்றேன், அக்கா. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.