லீலாவின் விலாசம்

6.10.2003
மழை. இன்டர்நெட் லைன் மூன்று தடவை அறுந்தது. ஆனாலும் விடவில்லை. நூலகத்தின் 'ஊர்த் தகவல்' பக்கத்தில் பிளம்பர், நர்ஸ், தையல் எல்லாம் ஏற்றிவிட்டேன். பஸ் நேரமும் கரண்ட் கட்டும் மட்டும் போட்டால் யார் பார்ப்பார்கள்? புத்தகம் மாற்ற வந்தவர்களையே பிடித்துப் பெயர் கேட்டேன். மகள் இந்துவோடு வந்த அட்டுவம்பட்டி லீலா, "எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்" என்று நெளிந்தாள். "ஏம்மா, நாலு ஜாக்கெட் கூட வந்தா கசக்குதா?" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

9.10.2003
பக்கத்தைப் பார்த்து முதல் மெயில் வந்துவிட்டது! இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'தையல் லீலா பதுளைத் தோட்டத்தில் பிறந்தவங்களா? வீடு எங்கே?' பெயர் போடவில்லை. சிலோனிலிருந்து வரும்போது பிரிந்த சொந்தமாகத்தான் இருக்கும், வேறு யார் கேட்கப் போகிறார்கள்? தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, பச்சைக் கதவு, மகள் பெயர் இந்து, இங்கேதான் படிக்கிறாள் என்று விலாவாரியாக எழுதி அனுப்பினேன். உதவியாளர் தங்கமுத்துவிடம் பீற்றியும் கொண்டேன்.

13.10.2003
லீலாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். முகம் வெளுத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரும் இப்படித்தான் கேப்பாரு மேடம். நான் பதுளைன்னு அவருக்குத் தெரியாதா?"

அவர் என்றால் புருஷன். பாலசமுத்திரத்துச் சேனாதிபதி. இவள் கையை முறித்தவன். இந்துவுக்கு மூன்று வயதாகும்போது அவளைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாள். ஏழு வருஷமாக அவனுக்கு இடம் தெரியாது. இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

"விலாசம் குடுத்திட்டீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன். பாவி நான், பாவி! நாலு ஜாக்கெட்டாம்.

14.10.2003
பக்கத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். அனுப்பின மெயிலை எப்படித் திரும்ப வாங்குவது?

15.10.2003
லீலா வீட்டைப் பூட்டிவிட்டாள். மேல்மலைப் போளூரில் பூண்டுக் காட்டு வேலை. "உங்ககிட்ட ஒளிக்க ஏலாது மேடம். இந்துவுக்கு டி.சி. நீங்கதான் வாங்கித் தரணும்." அவள் இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

21.10.2003
குல்லா போட்ட ஆள் ஒருவன் வாசலில் நின்று உள்ளே உள்ளே பார்த்தான். லீலா புருஷன்தான் என்று கதவைச் சாத்தப் போனேன். கடைசியில் பேப்பர் படிக்க வந்தவன். போலீசில் சொல்லலாமா என்றேன். "புருஷன் பொண்டாட்டி சோலிம்பாங்க, விடுங்க மேடம்" என்கிறார் தங்கமுத்து. நிஜமாகவே அவன் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? தெரியாது என்று சொல்லத் தைரியம் வருமா? அடித்துக் கேட்டால்?

27.10.2003
வந்தது ஒரு பெண். கூடவே ஒரு இளவட்டம். பச்சைக் கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்கள்.

"கோத்தகிரியில இருந்து வாறோம்மா. நான் லீலாவோட அக்கா, சின்னத்தாயி. சிலோன்ல இருந்து வந்ததும் கேம்ப்புல பிரிச்சு எங்கள வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. இருபத்தொரு வருஷமாத் தேடுறேன். இந்தா நிக்கிற என் மருமகன்தான் கம்ப்யூட்டர்ல பாத்தது."

உண்மையா? சேனாதிபதி சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆளா? எப்படிக் கண்டுபிடிப்பது?

"தெரியாதுங்க" என்றேன். அந்த அம்மா அழுதது. நாளை மறுநாள் திரும்பவும் வருகிறேன் என்று போனது.

28.10.2003
லீவு போட்டு வெள்ளனே பஸ் ஏறிப் போளூர் போனேன். லீலா பூண்டை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். அக்கா பெயர் சரிதான். ஆனால் அந்தப் பெயரும் புருஷனுக்குத் தெரியுமாம்.

"நான் வந்து பாக்குறேன் மேடம். ஆனா அவங்க என்னையப் பாக்கக் கூடாது."

29.10.2003
லீலாவைக் கடைசி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புத்தக இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"அக்காதான்."

"அப்புறமென்ன, போ!"

"கூட இருக்கிறது யாரு? எனக்கு அவனத் தெரியாதே. அவரோட கதைச்சிருந்தா? இந்துவத் தூக்கிட்டுப் போயிட்டா?"

தள்ளிக்கூடப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து மறுபடியும் "தெரியாதுங்க" என்றேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனது. கும்பிட்டது! நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றேனோ.

12.11.2003
லீலா வந்தாள். அதே மெயிலுக்குப் பதில் போடச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'அக்கா, உசுரோட இருக்கேன். எங்கன்னு கேக்காதீங்க.'

19.11.2003
பதில் வந்திருக்கிறது. 'சரிம்மா, கேக்கல. இந்து எத்தனாவது படிக்கிறா?'

லீலா திரையில் அந்தக் கேள்வியைத் தொட்டுக் காட்டினாள்.

"வகுப்பச் சொன்னா, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாத் தேடிட முடியுமா மேடம்?"

முடியாது என்று சொல்ல எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

"நல்லாப் படிக்கிறான்னு மட்டும் போடுங்க."

அப்படியே போட்டேன்.