பல்லக்கு விழும் விதி

ஞாயிறு, இரவு.

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திப் போகும் விளையாட்டு ஒன்றை இரண்டு மாதமாக எழுதிவருகிறேன். அதை இன்று நண்பர்கள் நாலு பேரை வைத்து ஆடிப் பார்த்தேன். கதையில் நாலு பேரும் பெருமாள் பல்லக்கைத் தூக்கி வருகிறவர்கள். பகடையில் ஒன்று விழுந்தால் பல்லக்கு கீழே விழும் என்பது விதி.

சரவணனுக்கு ஒன்று விழுந்தது. திருவிழாவில் நிஜமாகவே பல்லக்குத் தூக்குகிறவன் அவன். பகடையை டப்பாவில் போட்டு மூடினான்.

"பெருமாள எவனும் கீழ விடமாட்டான்பா. ஒருத்தன் தளர்ந்தா, கூட வந்துக்கினு இருக்கறவன் தோள் குடுப்பான்."

"அப்புறம் எதுக்குடா பகடை?" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டான்.

மேளம், குடை, கூட்டம் என்று வர்ணனை மட்டும் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். விதி ஒரே வரி. அதுதான் தப்பு.

ஆளுக்கு இத்தனை வலு என்று புள்ளி வைத்து, ஒன்று விழுந்து ஒருவன் தளர்ந்தால் அடுத்தவன் வலுவில் கழியும் என்று விதியை மாற்றி, தனியாக உருட்டிப் பார்த்தேன். கதையில் பல்லக்கு சன்னதித் தெரு திரும்புவதற்குள் நாலு பேருக்கும் வலு தீர்ந்துவிட்டது. பெருமாள் இன்னும் தோளில்தான் இருக்கிறார். இனி யார் தாங்குவது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

தெரிந்தவன் சரவணன் ஒருவன்தான். அவனைத்தான் எழுந்து போக வைத்துவிட்டேன்.