பின்னாலிருந்து கூப்பிட்ட குரல்

என் மல்லிகா,

நீ போய் நான்கு மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம் வேறு யாருடைய காதிலோ விழுவதுபோல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறேன். போன வாரம் ஒரு அன்னத்துக்குத் தலை போட மறந்துவிட்டேன். கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்பினார்.

நம் பெண் யாழினி பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். அவளைப் பார்க்கும்போதெல்லாம், நீ போவதற்கு முந்தின மாதம் வந்த கிரகணம் ஞாபகம் வருகிறது. காலையில் சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் பந்தையும் டார்ச்சையும் வைத்து, "இது வெறும் நிழல்தான்" என்று பாடம் நடத்தினாய். சாயங்காலம் வீட்டில் ஜன்னலையெல்லாம் அடைத்து, அப்போது மூன்று மாதமாக இருந்தவளை இருட்டில் படுக்க வைத்தாய்.

"சயின்ஸ் டீச்சர் செய்ற வேலையா இது?" என்று சிரித்தேன்.

"எல்லாம் எனக்கும் தெரியும்ங்க. இன்னொருவாட்டி சோதிச்சிப் பாக்கணும்னா, வேற எதையாவது வச்சி பாருங்க. என் பொண்ண வச்சி வேணாம்."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். ஏன் அவ்வளவு பேசினேன் தெரியுமா?

நம் முதல் குழந்தை உன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் ஒரு கிரகணம் வந்தது. வீட்டில் எல்லோரும் தடுக்க, "படிச்ச நீயே பயப்படலாமா?" என்று உன்னை மாடிக்குக் கூட்டிப்போனவன் நான். வெல்டிங் கண்ணாடியை என்னிடமிருந்து பிடுங்கிப் பார்த்தாய். பத்தாம் நாள் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. கிரகணம் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே இருபத்தைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் நம்பிக்கை நிஜமென்றால் குற்றவாளி நான்தானே? கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்ததற்காக உன்னை நீயே எப்போதாவது குற்றம் சொல்லிக்கொண்டதுண்டா? என்னை ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது என் கதையைக் கேள். நீ கடைசியாகக் கிளம்பிய காலையில், வாசலைத் தாண்டிவிட்ட உன்னை நான் கூப்பிட்டேன். "மல்லிகா, கண்ணாடி!" நீ திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனாய். பதினோரு மணிக்கு வகுப்பிலேயே விழுந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கிளம்பினவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டதால்தான் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. காரணமே இல்லாமல் நீ போனாய் என்பதைவிட, நான் காரணம் என்பதையே மனசு பிடித்துக்கொள்கிறது.

நேற்று யாழினியும் மாப்பிள்ளையும் ஸ்கேனுக்கு வேலூர் கிளம்பினார்கள். கார் நகரும்போதுதான் பார்த்தேன், ஃபைல் மேஜைமேல் இருந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. போனை எடுத்தேன். அதுவும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதானே? வைத்துவிட்டேன். ஃபைலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் திகைத்துப்போனாள். "இன்னாப்பா இது? ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்போமே. இதுக்காவ பஸ் புடிச்சி வந்துகினு..."

"தோணலம்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஃபைலை வாங்கிக்கொண்டாள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

மல்லிகா, உன்னிடம் வாதாடினேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு என்ன வலி என்று கேட்டதே இல்லை. இனி யார் எதை நம்பினாலும் முதலில் அதைக் கேட்பேன். இன்னொன்றும் சொல்கிறேன். யாழினிக்கு ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும் என்பதை அவளிடம் நாம் சொன்னதே இல்லை. பிரசவம் நல்லபடியாக ஆகட்டும். நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
நம் இரண்டு பிள்ளைகளின் அப்பா