கும்பினி காலத்துக்குப் போன மீசை

ஆரணி,
ஆவணி 6, திங்கட்கிழமை, 1983.

அன்பு மகன் லோகநாதனுக்கு உன் சித்தப்பா சம்பந்தம் ரேணுகாம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நான், உன் சித்தி உண்ணாமலை, உன் தங்கை அபிதா, மூன்று தறி, ஒழுகுகிற கூரை எல்லாம் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை, எனக்கு மட்டும் இல்லை, இப்போது போளூர் வரைக்கும் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதில் நான் சொல்லப்போகிற கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுக்கிறேன், நீ நம்பவே மாட்டாய். சித்திரையில் நான் சாகக் கிடக்கிறேன் என்று எழுதிப் போட்டேன், நீ முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கி விமானம் ஏறி ஓடி வந்தாய், வந்து பார்த்தால் நான் தறிக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். நீ பையைக் கீழே வைக்காமல் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறும்போது, "இனிமே நீங்க நெஜமாவே செத்தாலும் நான் நம்பறதா இல்ல சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய், அதோடு சரி, நாலு மாதமாக ஒரு வரி இல்லை. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், இதைக் கிழிக்காமல் கடைசி வரைக்கும் படி. எனக்காக இல்லை, அபிதாவின் கல்யாணம் இதில் தொங்குகிறது.

நீ போன பிறகு இங்கே ஊரே நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டது. வாரப் பத்திரிகையைத் திறந்தால் கிழக்கிந்தியக் கும்பினி துரையும் ஜாகிர்தார் மகளும், கொட்டகைக்குப் போனால் பல்லக்கும் பீரங்கியும், ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் டெலிவிஷன் வைத்திருக்கிறார்கள், அதிலும் நவாபு ஒருவர் இந்தியில் ஹுக்கா பிடித்தபடி அழுகிறார், நம் ஆட்கள் பாஷை புரியாமல் சேர்ந்து அழுகிறார்கள். நூல்நிலையத்தில் புதிதாக வந்த நாவல் எல்லாம் அந்தக் காலத்துக் கதைதான். நான் நம் தறிக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் தொடர்கதையை உரக்கப் படிப்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவர் வாரத்துக்கு ஒரு குதிரைதான் விடுகிறார், நான் எழுபது விடுவேன், யானைப்படையும் இருக்கும். அறுந்த இழை பிணைக்க வருகிற கண்ணகி ஒரு நாள் பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இதுல யானையே இல்லியே மாமா, நீங்களே பெத்துப் போட்டுகினு இருக்கீங்களா" என்று மானத்தை வாங்கினாள். அதற்குப் பிறகும் எல்லாரும் என் யானைக்காகத்தான் காது கொடுத்தார்கள். பொய் சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவனை ஊர் இப்படிக் கொண்டாடினால் அவன் எப்படி உருப்படுவான் சொல்.

ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களும் கும்பினி காலத்துப் படம்தான் எடுக்கிறார்கள். கதாநாயகி கட்டுவதற்கு அந்தக் காலத்துப் பட்டு வேண்டும் என்று டைரக்டரே நம் வீடு தேடி வந்தார், சின்ன வயசு, சோடாப்புட்டிக் கண்ணாடி. அப்போதெல்லாம் ஆரணியில் எப்படி நெய்வார்கள் என்று கேட்டார். நான் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில், எனக்கு என்ன தெரியும். இரண்டு மணி நேரம் சொன்னேன். ஒரு சேலையை முப்பது பெண்கள் சேர்ந்து மடிப்பார்கள், மடித்தால் தீப்பெட்டியில் அடங்கும், ராணி அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் வெளிச்சத்தில் காக்கை எல்லாம் விடிந்ததென்று கத்தும் என்று நான் அடித்து விட்டதை அந்தப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டது. கடைசியில் சேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தது. படத்தில் ஒரு கிழ நெசவாளி வருகிறானாம், மகன் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குக் கப்பல் ஏறிப் போனவன், அந்தக் கிழவன் நீங்கள்தான் என்றது. எனக்குத் தலை கால் புரியவில்லை. உன் சித்தி மட்டும், பொண்ணுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் கூத்தாடி வேஷம் எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆடியில் எடுத்து முடித்துவிடுவார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவள் வாயை அடைத்தேன். ஆடி முழுக்க மழை. முதல் காட்சி ஆவணி பிறந்த அன்றுதான் எடுத்தார்கள்.

அன்று காலை மேக்கப் போடுகிறவர் என் மீசையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முப்பத்தைந்து வருஷம் எண்ணெய் விட்டு வளர்த்த மீசை, தாலுகா கச்சேரி வாசலில் போனால் போலீஸ்காரன் சல்யூட் அடிப்பான், அதைப் போய், "இது சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த மீசைங்க, கும்பினி காலத்து மீசை வேற" என்றார். அவரிடம் டப்பாவில் ஒரு மீசை இருந்தது, இரண்டு கீரிப்பிள்ளையை வாலோடு வாலாகக் கட்டினது மாதிரி. அதை ஒட்டுவதற்காக என்னுடையதை எடுத்தார்கள். குடுமி டோப்பா உட்காரவேண்டும் என்று தலையையும் மழித்தார்கள். சாயங்காலம் ஒட்டு மீசையும் டோப்பாவும் அவர்கள் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன, மொட்டைத் தலையும் மொழுக்கென்ற மூஞ்சியுமாக நான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போளூரிலிருந்து ஆள் வந்து சொல்கிறான், வெள்ளிக்கிழமை நல்ல நாளாக இருக்கிறது, தாம்பூலம் மாற்ற வருகிறோம் என்று. அபிதாவைப் பார்த்துப் பிடித்துப்போன இடம்தான், பட்டுக்கடை தங்கவேலு வீடு, அவர் மகன் மணவாளன். நம் அபிதாவுக்கும் அந்தப் பையன்மேல் மனசு விழுந்துவிட்டது, வாய் விட்டுச் சொல்லவில்லை, கண்ணாடி பார்க்கிற தினுசில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தோம். தங்கவேலுவின் அக்கா தனகோடியம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம், அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, மீசையக் காணோம்" என்றார். கூத்து நாடகப் பழக்கம் இல்லாத குடும்பமாகப் பார்க்கிறோம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். திருப்பதி வேண்டுதல் என்றேன். அதே நேரம் சமையலறையில் பையனுடைய அம்மா இதையே கேட்க, உன் சித்தி பொய் சொல்லத் தெரியாதவள், சினிமாவுக்காக எடுத்தார் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கூடத்துக்கு வந்து நாத்தனார் காதைக் கடித்தார். தனகோடியம்மாள் காபி டம்ளரை வாயில் வைக்காமல் கீழே வைத்தார். "ஒரு தலைக்கு ரெண்டு கதையா? உங்கப்பா அம்மா போயி இருவது வருசம் ஆச்சு. நீங்க யாருக்கு மீசைய எடுக்கணும்? பெத்தவங்க இல்லாத உங்க அண்ணன் புள்ளைக்கு நீங்கதானே எல்லாம் செய்யணும். தூர தேசத்துல அவனுக்கு ஏதோ ஆயிடுச்சி. தீட்ட மறச்சிகினு எங்களக் கூப்ட்டு பாயப் போட்டு குந்த வச்சிருக்கீங்க." நான் இல்லை இல்லை என்று அலறினேன். அப்படியானால் அவன் கடைசியாகப் போட்ட கடிதத்தைக் காட்டுங்கள் என்றார். நான் எங்கே போவேன் லோகு. நாலு மாதமாகத் தபால்காரர் நம் வாசலில் நிற்கவே இல்லை. பதினோரு பேரும் எழுந்தார்கள். தாம்பூலத் தட்டு உன் சித்தி கையிலேயே இருந்தது. போகிற வழியில் தனகோடியம்மாள் தெருக்குழாயில் பட்டுப்புடவையோடு குனிந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி, மற்றவர்களும் வரிசையாக ஊற்றிக்கொண்டார்கள். தெருவே பார்த்தது. ஈரத்தோடு வேன் ஏறிப் போனார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அபிதா உள்ளேயிருந்து வந்து என் எதிரில் நின்றாள், அழவில்லை. "அண்ணன் இருக்குதா இல்லியா, அத மட்டும் நெஜமாச் சொல்லுப்பா" என்றாள். நான் பெற்ற பெண், நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவள், அவளும் கேட்கிறாள். இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, எனக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் எழுதாமல் இருக்கிறாய் என்று நானாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ உயரமான கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்கிறவன். இத்தனை நாள் ஊருக்கு அளந்த கதையெல்லாம் ஒரு பக்கம், எனக்கு நானே ஒன்று அளந்துகொண்டேனோ என்று பட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நின்றேன், அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை படவேட்டில் என்னுடைய கடைசிக் காட்சி. வரமுடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன், விடவில்லை, கீரிப்பிள்ளைகளை ஒட்டி உட்காரவைத்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து ஒரு சிப்பாய் வந்து கிழவனிடம் மகன் செத்த செய்தி சொல்கிறான், அதுதான் காட்சி. கண்ணைக் கொஞ்சம் கசக்கினால் போதும் என்றார் டைரக்டர். அந்தச் சிப்பாய் வாயைத் திறந்ததும் நான் அழுத அழுகை இருக்கிறதே, நாலாயிரம் பேர் கூட்டம் கூடவே அழுதது, குதிரைகள் கண்ணீர் விட்டன, கமண்டல நாகநதியில் மூன்றடி தண்ணீர் ஏறியது, டைரக்டர் கட் சொல்ல மறந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போளூர் போனேன். தங்கவேலு நல்ல மனுஷர், நான் நம்பறேன், எங்கக்கா நம்பணுமே என்றார். நான் டைரக்டரையே கூட்டி வருகிறேன் என்றேன். "சினிமாக்காரன் கற்பூரம் அடிச்சாலும் நம்ப மாட்டேன், தந்தி யாரு வேணாலும் அடிப்பாங்க. போன வருசம் லீவுல வந்தப்ப ஒரு கல்யாணத்துல அந்தப் புள்ள எங்கூட நாளெல்லாம் பேசிகினு இருந்தான், அவன் கொரலு எனக்குத் தெரியும். பேசச் சொல்லுங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ஆவணி இருபத்தைந்து வரைக்கும் பொறுப்பார்களாம், புரட்டாசி பிறப்பதற்குள் காஞ்சிபுரத்துப் பெண்ணை முடித்துவிடுவார்களாம். சேவூர் எல்லப்பன் புதன்கிழமை பம்பாய் போய் அங்கே மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், தபாலை நம்பாமல் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கவேலு கடை டெலிபோன் நம்பர் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், செவ்வாய்க்கிழமை கிடையாது. முதலில் தனகோடி அத்தையைக் கூப்பிடு, போன வருஷம் என்ன பேசினீர்களோ அதைச் சொல். எனக்கு வக்காலத்து வாங்கவேண்டாம், எங்க சித்தப்பா பெரிய புளுகர்தான் அத்தை என்றே சொல், உன் குரல் அவர் காதில் விழுந்தால் போதும். நான் சித்திரையில் செய்தது மன்னிக்கக்கூடிய காரியம் இல்லை, அந்தத் தண்டனையை எனக்குத் தனியாகக் கொடு, அபிதாவையும் சேர்த்துக் கொடுக்காதே.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலை செய்யாதே. சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள், மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் சித்தி அரிசி வடகமும் பருப்புப் பொடியும் எல்லப்பனிடம் கொடுத்திருக்கிறாள், அவன் வழியிலேயே பிரித்துவிடாமல் இருந்தால் வந்து சேரும். அம்மன் உன்னை நோய் நொடி அண்டாமல் காப்பாற்றட்டும், நூறு வயசு இருந்து என் பொய்களை உன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல். இருபத்தைந்தாம் தேதியை மறக்காதே.

உன் வரவை அல்ல, உன் குரலை மட்டும் எதிர்பார்க்கும்,
சித்தப்பா,
சம்பந்தம்.

ஒட்டுவதற்கு முன் ஒன்று எழுதிவிடுகிறேன். படவேட்டில் நாலாயிரம் பேர் இல்லை, லைட் பிடிக்கிறவர்களையும் சேர்த்துப் பதினேழு பேர். இருந்தது ஒரே குதிரை, அதுவும் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீரும் ஏறவில்லை. டைரக்டர் கும்பிடவில்லை, கேமராவில் பிலிம் தீர்ந்துபோய்விட்டது, மறுபடி ஒரு தடவை அழுங்கள் என்றார், நான் மீசையைப் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் அழுதது மட்டும் நிஜம்.